நடன உடையில் கரண்ட் பாயும் ஜரிகை: தொழில்நுட்பம் சரி... நெசவாளருக்கு என்ன உரிமை?

மேடை இருட்டாக இருக்கும். ஆடுபவரின் உடை மட்டும் தாளத்துக்கு ஏற்ப மின்னி மறையும். டிவி நடன நிகழ்ச்சிகளில் தொடங்கி கல்லூரி விழா வரை எல்.இ.டி உடைகள் இப்போ சகஜம். அடுத்த கட்டமாக, நெய்த துணியையே மின்சுற்றாக மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. இப்படி ஒரு உடை உருவானால் அதன் உரிமை யாருக்கு?

இது புது விஷயமா?

இல்லை. அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர், பட்டுத் துணியைச் சுழற்றி, அதன் மேல் வண்ண விளக்குகளைப் பாய்ச்சி ஆடியவர். தன் நடனத்தை இன்னொருவர் ஆடுவதைத் தடுக்கக் கோரி 1892-ல் நீதிமன்றம் போனார். நடனத்தில் கதை இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால், கையில் பிடித்துச் சுழற்றக் குச்சிகள் பொருத்திய உடைக்கு 1894-ல் காப்புரிமை பெற்றார். நடனத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு, உடைக்குக் கிடைத்தது.

ஜரிகைக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழை சுற்றப்பட்டிருக்கும். அதன் மேல் தங்க முலாம். வெள்ளி, செம்பு இரண்டுமே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் 1990-களில் துணியில் மின்சுற்று அமைத்தபோது, செம்புத் தகடு சுற்றிய பட்டு நூலால் நெய்த ஆர்கன்சா துணியைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் பல தலைமுறைகளாக நெய்யப்படும் துணி அது! 2007-ல், துணியில் வைத்துத் தைக்கக்கூடிய 'லில்லிபேட்' மின்பலகையும் விற்பனைக்கு வந்தது.

ஆனா, எல்லா ஜரிகையும் இதுக்கு ஆகாது. பிளாஸ்டிக் இழையில் உலோகப் பூச்சு கொடுத்த மலிவு ஜரிகையை நம்பி சர்க்யூட் போட முடியாது.

மேடையில் என்ன சிக்கல்?

பரதநாட்டிய உடையையே எடுத்துக்கோங்க. அரைமண்டியில் அமரும்போது முன்பக்க விசிறி மடிப்பு விரியும், எழும்போது மூடும். இதே இடத்தில் மின் இழையை ஓட்டினால் திரும்பத் திரும்ப மடிந்து அறுந்துவிடும். வியர்வை பட்டால் உலோகம் அரிக்கும், ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அதனால் பேட்டரியை எங்கே வைப்பது, இழையை எந்தத் தையல் வழியாகக் கொண்டுபோவது, துவைக்கும்போது எதைக் கழற்றுவது என்பதை எல்லாம் பொறியாளர் மட்டும் முடிவு செய்ய முடியாது. துணி எங்கே இழுபடும், எங்கே அசையாது என்று நெசவாளருக்கும் தையல்காரருக்கும்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்லுது?

காஞ்சிபுரம் பட்டு, நாகர்கோவில் கோயில் நகைகள் இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை மற்றவர்கள் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் அது தடுக்கும். அந்தப் பட்டை வைத்து ஒருவர் புது உடை உருவாக்கினால், நெய்தவருக்குப் பங்கு வாங்கித் தராது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவின்படி, பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை கிடையாது. இதனால் வேறு யாரும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியாது என்பது நல்லதுதான். அதே சமயம், பழைய நெசவோடு உண்மையிலேயே புதிதான ஒரு மின்னணு அமைப்பு சேர்ந்தால், அதற்குக் காப்புரிமை கேட்கலாம். விண்ணப்பத்தில் பொறியாளர் பெயர் மட்டும் இருந்தால், தறியில் பத்து முறை சோதித்துப் பார்த்தவர் கூலியோடு நின்றுவிடுவார்.

அப்போ என்ன வழி?

வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போடுவதுதான். கண்டுபிடிப்பில் நெசவாளரின் யோசனை இருந்தால் அவரையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்கலாம். வடிவமைப்புச் சட்டம் 2000-ன் கீழ் கூட்டு உரிமையாளராகவும் பதிவு செய்யலாம். சோதனைக்காக நெய்து வீணாகும் துணிக்கும் கூலி பேசிக்கொள்வது முக்கியம். நிகழ்ச்சி அழைப்பிதழில் நட்டுவனார், ஒளியமைப்பாளர் பெயர்களோடு நெசவாளர், தையல்காரர் பெயரையும் போடலாம். இதற்குச் சட்டமே தேவையில்லை, நடனக் குழு மனசு வைத்தால் போதும்.