"தமிழ்தானே" என்று சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருக்கும் என் பழைய மாணவிகள் பலர் இப்போது ஒரே கேள்வி கேட்கிறார்கள். "ஆன்லைன்ல கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கேன் டீச்சர், எப்படி ஆரம்பிக்கறது?" என்ன பாடம் என்று கேட்டால் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்கிறார்கள். தமிழ் சொல்லிக் கொடேன்மா என்றால் உடனே பதில் வருகிறது: "தமிழ்தானே டீச்சர், அதை யார் காசு கொடுத்துப் படிப்பாங்க?"

இந்தத் "தமிழ்தானே" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மாணவிகள் மட்டும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களும் சொல்கிறார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் மாணவிகளுக்கு.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்ததை 2021 ஜூனில் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். சான்றிதழுக்கு ஆயுள் நீண்டது, வேலைதான் வரவில்லை. 2013இல் தேறியவர்கள் வருஷக்கணக்காகப் பணி கேட்டுப் போராடியதை எல்லோரும் பார்த்தோம். அந்த ஏக்கத்தைத்தான் சில பேர் வியாபாரம் ஆக்குகிறார்கள். "வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம், டிரெய்னர் சான்றிதழ் தருகிறோம், கட்டணம் பதினெட்டாயிரம்." என் மாணவி ஒருத்தி கட்டிவிட்டு வந்தாள். கைக்கு வந்தது ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸ்அப் குழு, தங்க நிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ். ஒரு மாணவர்கூட வரவில்லை. இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கி, கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பெடுத்தவளுக்கு "ஆசிரியர் ஆவது எப்படி" என்று சொல்லிக்கொடுக்க இவர்கள் யார்?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரரும் இங்கிலாந்துக்காரரும் அதே திரையில் அதே மாணவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கே நிலை நிச்சயமில்லை. சீனக் குழந்தைகளுக்கு இணையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2021 ஜூலையில் சீன அரசு ஒரு உத்தரவு போட்டது, அந்தத் தொழில் சில மாதத்தில் சரிந்துவிட்டது. உங்கள் கையில் இருக்கும் சரக்கு தமிழ். அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டமான சந்தையில் ஏன் போய் நிற்கிறீர்கள்?

அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் என் சொந்தங்களுக்கு.

பிள்ளைக்குப் பியானோ கிளாஸ், கோடிங் கிளாஸ் எல்லாவற்றுக்கும் டாலரில் கட்டுகிறீர்கள். தமிழ் என்று வந்ததும் குரல் மாறிவிடுகிறது. "அத்தை, நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக் குடுங்களேன்" என்கிறீர்கள். என் பேரன் பேத்திக்கு நான் கட்டாயம் சொல்லிக்கொடுப்பேன், அது பாட்டி வேலை. ஆனால் "உங்க ஸ்டூடன்ட் யாராவது சும்மா இருந்தா சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்கிறது. அவள் சும்மா இல்லை அம்மா, வேலை கிடைக்காமல் இருக்கிறாள். இரண்டும் ஒன்றில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் தன்னார்வலர்களை நான் வணங்குகிறேன். அது அவர்களாக விரும்பிச் செய்யும் தொண்டு. அவர்கள் தொண்டு செய்கிறார்கள் என்பதைக் காரணம் காட்டி இங்கே ஒரு பெண்ணிடம் ஓசியில் வேலை வாங்கக் கூடாது.

மூன்றாவது, என் சக ஆசிரியர்களுக்கு.

"பேச்சுத் தமிழைப் போய்ப் பாடமாக நடத்துவதா? அது கொச்சை. முதலில் 247 எழுத்தும் படிக்கட்டும், பிறகு திருக்குறள் சொல்லட்டும்" என்கிறீர்கள். வீரமாமுனிவரைவிடத் தமிழ்ப் பற்றா நமக்கு? இத்தாலியிலிருந்து வந்த அவர் செந்தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அது போதாது என்று, மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. புதிதாக வரும் பாதிரிமார் ஊர் மக்களிடம் பேச வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தைச் சீர்செய்த குழுவும், வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்றுதான் சொன்னது. பேச்சு போய்விட்டால் மொழி வீட்டை விட்டே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

தமிழ் கற்பிப்பதைச் சம்பள வேலையாகப் பார்ப்பதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. எல்லிஸ் துரை 1812இல் சென்னைக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த முன்ஷிகளும் புலவர்களும் அங்கே சம்பளம் வாங்கினார்கள். தாண்டவராய முதலியார் அங்கே தலைமைத் தமிழ்ப் புலவராக இருந்தவர். அவரிடம் யாரும் "தமிழ்தானே" என்று சொல்லவில்லை.

சரி, தமிழ் பேசத் தெரிந்த எல்லோராலும் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன்.

படித்தேன் என்பதைப் "படிச்சேன்" என்கிறோம். சிரித்தாள் "சிரிச்சா". நினைத்தேன் "நெனச்சேன்". அப்படியானால் எடுத்தேன் ஏன் "எடுச்சேன்" ஆகவில்லை? கொடுத்தேன் ஏன் "குடுச்சேன்" ஆகவில்லை? பிறந்ததிலிருந்து பேசுகிறோம், ஒரு நாளாவது யோசித்தோமா? இந்த வினைச்சொற்களில் "த்த"வுக்கு முன்னால் இ, ஐ ஒலி இருந்தால் அது "ச்ச" ஆகிறது. உ ஒலி இருந்தால் மாறுவதில்லை. தெரிந்தது "தெரிஞ்சது" ஆவதும், இருந்தது "இருந்தது" என்றே நிற்பதும் இதனால்தான். இந்த ஒரு விதியைச் சொன்னால் கற்பவருக்கு நிறைய வினைச்சொற்கள் ஒரே நாளில் பிடிபடும். தெரியாதவர் "அது அப்படித்தான்" என்பார். மாணவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இன்னொன்று. பாம்பு என்ற சொல்லில் ஒரே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது. குரங்கு என்பதில் முதல் ககரம் வேறு, கடைசிக் ககரம் வேறு. இந்தி படித்தவருக்கு இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அதனால் குழம்புவார். சொல்லின் முதலில் வந்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நாம, நாங்க இரண்டுக்கும் இந்தியில் "ஹம்" ஒன்றுதான். "நாங்க சாப்பிடப் போறோம்" என்று மேஸ்திரி சொன்னால், தன்னையும் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பீகார் தம்பி எழுந்துவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் அதற்குப் பிறகு தமிழில் வாய் திறக்கவே யோசிப்பான். இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் ஆசிரியர். அதே தம்பிக்கு "எனக்குப் பசிக்குது" என்ற அமைப்பு சுலபமாக வரும், அவன் மொழியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் கஷ்டம். ஆளுக்கு ஏற்றபடி பாடத்தின் வரிசை மாறும். நமக்கு இது புதிதா? செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அட்டை எடுத்துக்கொடுத்தவர்கள்தானே நாம்?

படிக்க யார் வருவார்கள் என்று கேட்கிறீர்கள். மணவாள நகரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? பக்கத்தில் மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை. தெற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எத்தனை ஊர்ப் பிள்ளைகள்! அவர்களுக்கு மேலே இந்தி பேசும் பொறியாளர்கள், கொரியாவிலிருந்து வந்த அதிகாரிகள், அவர்களுடைய குடும்பங்கள். காய்கறிக் கடையில் விரலை நீட்டிப் பேசும் அந்த அம்மாவுக்குப் பத்து வாரம் பேச்சுத் தமிழ் கிடைத்தால் வாழ்க்கையே மாறும். கூலித் தொழிலாளியிடம் காசு கேட்கச் சொல்லவில்லை. அவருக்கான கட்டணத்தை ஆலைதான் கொடுக்க வேண்டும். தலைக்கவசம் வாங்கிக்கொடுக்கும் நிர்வாகம், "கையை எடு", "மெஷினை நிறுத்து" என்று தமிழில் கத்தினால் புரிந்துகொள்ளும் அளவுக்காவது ஏற்பாடு செய்ய வேண்டாமா? அதுவும் பாதுகாப்புச் செலவுதான்.

இனி, எப்படித் தொடங்குவது?

1. யாரிடமும் பணம் கட்டிச் சேராதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இயங்குகிறது. மழலைக் கல்வியில் தொடங்கிப் பல பாடங்கள் அதன் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பேச்சுத் தமிழுக்கென்றே ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய ஆங்கில இலக்கண நூல் 1999இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

2. வீட்டில் நீங்கள் பேசுவதை ஐந்து நிமிஷம் பதிவுசெய்து கேளுங்கள். நாம் பேசுவதாக நினைப்பது வேறு, உண்மையில் பேசுவது வேறு. உண்மையில் பேசுவதுதான் பாடம்.

3. எல்லோருக்கும் என்று தொடங்காதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளா, வடநாட்டுப் பொறியாளர்களா, ஒரு வகையினரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கென்று இருபது பாடக்குறிப்பு எழுதிவைத்துவிட்டு விளம்பரம் செய்யுங்கள். முதல் சில பாடங்களுக்கு எழுத்தே வேண்டாம். கடை, பஸ், போன், உடம்பு சரியில்லை, இது போதும். எழுத்து பின்னால் வரட்டும், ஆனால் கட்டாயம் வரட்டும்.

4. ஒரு போன், அதற்கு ஸ்டாண்டு, ஒயர் வைத்த இயர்போன், சத்தமில்லாத ஒரு மூலை போதும். ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடக் கெடு உண்டு. முதலில் வகுப்பை அதற்குள் முடித்துப் பழகுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒருவர் அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

5. தளங்களில் சேரும்முன் கணக்குப் போடுங்கள். ஐடாக்கி 15 விழுக்காடு எடுக்கும். பிரெப்ளியில் புதியவருக்கு 33 விழுக்காடு, மணி நேரம் கூடக்கூட 18 வரை இறங்கும். முதல் சோதனை வகுப்பின் பணம் முழுக்க அவர்களுக்கே. மணிக்கு 500 ரூபாய் வைத்து, ஒருவர் ஒரு சோதனை வகுப்பும் நான்கு வகுப்பும் படித்தால் அவர் கட்டுவது 2,500. உங்கள் கைக்கு வருவது 1,340. மாணவர் தேடித் தருவதற்கான விலை அது. தெரிந்து கொடுங்கள். விகிதங்கள் மாறும், சேரும் நாளில் நிபந்தனையைப் படியுங்கள்.

6. தெரிந்தவர் மூலம் வருபவரிடம் நான்கு வகுப்புக்கு முன்பணம் வாங்குங்கள். சோதனை வகுப்பு அரை மணி, ஒரே ஒரு முறை. "அப்புறம் தரேன்" என்பதற்குச் சிரித்துக்கொண்டே "சரிங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லப் பழகுங்கள்.

இதில் மாதம் ஐம்பதாயிரம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆறு மாதம் மூன்று பேர், நான்கு பேர்தான் இருக்கலாம். அரசு வேலைக்கு இது ஈடாகாது. பணி நியமனம் கேட்கும் குரலை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் கற்ற தொழில் கையில் துருப்பிடிக்காமல் இருக்கும், கையில் நம் பணம் நாலு காசு இருக்கும்.

"உங்களுக்குப் பென்ஷன் வருது டீச்சர், நீங்க பேசலாம்" என்று ஒருவர் சொன்னார். ஆமாம், வருகிறது. அதனால்தான் ஓய்வுபெற்ற நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பொழுதுபோக்காக ஊருக்கெல்லாம் இலவச வகுப்பு அறிவிக்காதீர்கள். நாம் சும்மா கொடுத்தால், பென்ஷன் இல்லாத அந்தப் பெண் 300 ரூபாய் கேட்கக்கூடக் கூச்சப்படுவாள். தொண்டு செய்ய ஆசையென்றால் அவளுடைய பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுங்கள். அவள் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லுங்கள். செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுங்கள், அங்கே காசு கேட்க வேண்டியதில்லை.

மாணவிகளே, இருபது பாடக்குறிப்பு எழுதி முடித்தவர்கள் எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனா இன்னும் காயவில்லை. சொந்தங்களே, பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமென்றால் கேளுங்கள், நல்ல ஆசிரியரைக் காட்டுகிறேன். கட்டணத்தை அவளிடமே பேசிக்கொள்ளுங்கள். பேரம் பேசினால் எனக்குத் தகவல் வந்துவிடும்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மணவாள நகர்