பேசத் தெரிந்தவருக்கு எதற்கு 'நீ ஹாவ்' பாடம்?



"வீட்டில் பேசுகிற மொழிதானே, ஆறு மாதத்தில் எழுதப் படிக்க வந்துவிடும்" என்பார்கள். தமிழுக்கு ஓரளவு சரி. 247 எழுத்து என்றாலும் உயிர், மெய், துணைக்குறி பிடிபட்டால் தெரிந்த சொல்லை எழுத்துக்கூட்டிவிடலாம். சீனத்தில் அந்த வசதி இல்லை. 1988-இல் சீனா வெளியிட்ட பட்டியலில் அன்றாட எழுத்துகளே 2,500.

ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கண்டோனிஸ் சரளமாகப் பேசுவார். தேசியப் பள்ளியில் படித்ததால் சீன எழுத்து தெரியாது. போன வருடம் மாலை வகுப்பில் சேர்ந்தார். வெளிநாட்டவரோடு உட்கார வைத்து, மூன்று மாதம் மென்டரினில் 'நீ ஹாவ்' சொல்ல வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பேச்சு படிப்பைக் கெடுக்கும் என்று அறிவுரை வேறு. "சிகு, நான் ஊமையா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பேச்சுதானே அவருடைய முதல்!

'அம்மா' என்ற சீன எழுத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பெண், மறுபக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் உறவில்லை. குதிரை வந்தது 'மா' என்ற ஒலிக்காக. கண்டோனிஸிலும் இரண்டும் 'மா'தான், தொனிதான் மாறும். புதிதாக வருகிறவர் இதை மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த அம்மா கேட்டவுடன் சிரித்துவிட்டார்.

அவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். வாயில் 'ம்' என்று மறுப்பார். புத்தகத்தில் அதற்கு வேறொரு சொல், மென்டரினில் 'பு'. நாம் 'வரல' என்று பேசி 'வரவில்லை' என்று எழுதுகிறோமே, அதைவிடத் தூரம் அதிகம். பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கையெழுத்துப் பயிற்சி? சில நூறு எழுத்துகளைக் கோட்டு வரிசை தவறாமல் கையால் எழுதட்டும். உறுப்புகள் பழகிவிடும். மீதியை வாசித்தால் போதும். சக ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

அவர் படிக்க வந்ததே அப்பாவின் கல்லறைக்காக. ஏப்ரலில் சிங் மிங்குக்குப் போகும்போது, கல்லில் உள்ள பெயரையும் பூர்வீக ஊரையும் தானே வாசித்துப் பேரனுக்குச் சொல்ல வேண்டுமாம். வகுப்பிலோ சுருக்கிய எழுத்து மட்டும்தான். கல்லில் இருப்பது பழைய எழுத்து. குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பழையதில் பத்துக் கோடு, கீழே கால்போல நான்கு புள்ளி; புதியதில் மூன்றே கோடு. புதியதை மட்டும் படித்தவர் கல்லின் முன்னால் திகைத்துத்தான் நிற்பார்.

கல்லறைப் படம் அவர் கைப்பேசியில் இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு அதை எடுத்துப் போய், "முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.