நாற்பதும் எண்பதும்

நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு முதலிய உரிமைகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனத்தை அளவுகோலாக ஏற்கிறது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்திற்கோ ஒன்றிய அரசு கேட்பது 80 விழுக்காடு. வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருத்தலும் வேண்டும். இவ்வளவும் கடந்து வருபவருக்கு மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த தொகை அது. மருத்துவக் குழு 60 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்தவர் சட்டத்தின் முன் மாற்றுத்திறனாளி. திட்டத்தின் முன் அல்லர்!

கேரளத்தில் 40 விழுக்காடே போதும். 1600 ரூபாயாக இருந்த ஓய்வூதியத்தை இடது ஜனநாயக முன்னணி அரசு 2025 நவம்பர் முதல் 2000 ஆக்கியது. இதை மேடையில் சொல்வதோடு நம் பணி முடிந்துவிடாது. பயனாளிகள் ஆண்டுதோறும் அக்ஷயா மையத்தில் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். இதன் பெயர் ‘மஸ்டரிங்’. தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆளெண்ணப் பயன்பட்ட சொல். மொழிபெயர்க்க எனக்கு மனம் வருவதில்லை. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியாமல் போவதுண்டு. அத்தகையோர் வாழ்நாள் சான்றிதழை உள்ளாட்சி அலுவலகத்தில் அளிக்கலாம். படுக்கையிலிருப்போரின் நிலையை முன்கூட்டித் தெரிவித்தால் மைய ஊழியர் வீட்டிற்கே வருவர். திருவனந்தபுரம் நகரக் கிளைத் தோழர்கள் கடைசித் தேதிக்கு முன்பே தத்தம் வார்டில் அவ்வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும்.