தழும்பு இருந்தும் நோய் ஏன்?



சாரல் விழத் தொடங்கிய ஒரு மாலைப்பொழுதில், குத்துக்கல்வலசையில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. தாய் பீடித் தட்டை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். மகள் கட்டிலில் படுத்திருந்தாள். காசநோய் என்று மருத்துவர் கூறி ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தார் அவ்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதையும் நிறுத்திவிட்டனர். அத்தாய் மகளின் தோளைக் காட்டி, "சாமி, பிறந்ததுமே ஊசி போட்டோம், தழும்பு இன்னும் இருக்கு. பிறகு எப்படி வந்தது? நாங்க என்ன பாவம் செய்தோம்?" என்று கேட்டார்.

பாவம் ஏதுமில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை நம் தமிழகத்து மண்ணிலேயே தேடப்பட்டது என்பதைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

காசநோய்க் கிருமியை 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் கண்டறிந்தார். நோயாளியின் இருமலோடு காற்றில் கலந்து அது நம் நுரையீரலை அடைகிறது. அங்கே காவலிருக்கும் அணுக்கள் அதனை விழுங்குகின்றன. ஆயினும் மெழுகு போன்ற கவசம் அணிந்த அக்கிருமி, விழுங்கிய அணுவினுள்ளேயே உயிர் வாழ வல்லது. அப்பொழுது 'டி' அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் துணைக்கு வந்து, காவலர்க்கு வலிமையூட்டி, கிருமியைச் சுற்றி மதில் எழுப்புகின்றன. கிருமி சாவதில்லை, சிறைப்படுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர் என்று கணித்துள்ளனர். அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே தம் வாழ்நாளில் நோயாளியாகின்றனர். ஏனையோரைக் காப்பது அம்மதிலே.

அப்படியாயின் பி.சி.ஜி. ஊசி என்ன செய்கிறது? 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் இதற்கெனப் பெரியதோர் ஆய்வு தொடங்கிற்று. மக்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திகைக்கச் செய்தது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் இக்கிருமியின் உறவினங்கள் பல வாழ்கின்றன. நம் உடல் அவற்றோடு முன்னரே பழகிவிடுவதால், ஊசி புதிதாகக் கற்பிப்பது குறைவு என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. எனினும் பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வரும் கொடிய காசநோயிலிருந்து இவ்வூசி காக்கிறது. ஆகவே, எந்தத் தாயும் அதனைத் தவிர்த்தல் கூடாது.

மதில் எப்பொழுது இடிகிறது? பசி, நீரிழிவு, குடி, புகை, எய்ட்ஸ் கிருமி ஆகியவை உடலின் காவலைத் தளர்த்தும்போது, சிறைப்பட்ட கிருமி வெளியேறுகிறது.

இங்கே இரண்டு உண்மைகளைச் சேர்த்து எண்ணுங்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வறிய நோயாளிகளில் ஒரு பகுதியினரை நல்லுணவுடன் மருத்துவமனையிலும், மறு பகுதியினரை அவர்தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை அளித்தது. வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர். அவர்களால் வீட்டார்க்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. எனவே, ஏழையையும் மருந்து குணமாக்கும். நோயாளியை வீட்டைவிட்டு விலக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் மாநில ஆய்வு. நோயாளிகள் அனைவர்க்கும் உணவு வழங்கப்பட்டது. வீட்டாரில் ஒரு பகுதியினர்க்கு மட்டும், பெரியவர் ஒருவர்க்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் என ஆறு மாதம் கொடுத்தனர். அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் காத்தது. சோறும் பருப்பும் வீட்டாரின் மதிலைக் காத்தன.

ஆகவே, நோயுற்றவர் ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாது உண்ணட்டும். இருமல் நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்துவோர் பெருந்தீங்கைத் தேடிக்கொள்கின்றனர். வீட்டார் அனைவரும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளட்டும். சாரற்காலத்திலும் சன்னல்கள் சற்றேனும் திறந்திருக்கட்டும். நோயாளியின் உணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் நோயாளியை மட்டுமன்றி, அவருடன் உண்ணும் பிள்ளைகளையும் முதியோரையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.

அக்கம்பக்கத்தார்க்கும் ஒரு சொல். இந்நோய் காற்றால் பரவுவது. தண்ணீர்ச் செம்பால் பரவுவதன்று. முறையாக மருந்துண்ணும் நோயாளியிடமிருந்து தொற்றும் ஆபத்து சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடுத்த முறை அவ்வீட்டைக் கடக்கும்போது, கையில் ஒரு படி பயற்றுடன் உள்ளே செல்லுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி அருந்துங்கள்.