பரண் விலைக்கு வருகிறது!

"அம்மா, லாஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நீயும் வந்து பார்" என்று என் பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் என்ன? பழைய வெண்கலப் பானையையும் கொலுப் பொம்மைப் பெட்டியையும் ஏற்றி வைக்கிற பரண். "பரணை வாங்கி அதில் எப்படியடி குடியிருப்பாய்?" என்று கேட்டேன்.

இது நடந்தது 2016-ல். நியூயார்க்கில் பெண் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பத்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு, அவளும் மாப்பிள்ளையும் சொந்த வீடு தேடிக்கொண்டிருந்த சமயம்.

அந்த ஊரில் லாஃப்ட் என்றால் பரண் அல்ல, சகோதரிகளே! பழைய தொழிற்சாலை அல்லது கிடங்கின் ஒரு முழு மாடி. மான்ஹாட்டனில் ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள பேட்டைக்கு ஸோஹோ என்று பெயர். (டெக்ஸாஸில் உள்ள ஊர் ஹூஸ்டன், இந்தத் தெரு மட்டும் ஹௌஸ்டன். நான் தப்பாகச் சொல்லி டாக்ஸிக்காரரிடம் திருத்தம் வாங்கினேன்!) அங்கே வீதிக்கு வீதி கல்லில் செதுக்கியது போன்ற தூண்களும் வளைவுகளும். கிட்டப் போய்த் தட்டினால் 'டங்' என்கின்றன. அத்தனையும் வார்ப்பிரும்பு! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டறையில் துண்டு துண்டாக வார்த்து, கொண்டுவந்து முடுக்கி நிறுத்தியவை. பிராட்வேயும் புரூம் தெருவும் சேரும் முனையில், 1857-ல் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடைக்காகக் கட்டிய மாளிகை இன்னும் நிற்கிறது. ஜனங்கள் ஏறி இறங்கும் லிஃப்டை எலிஷா ஓடிஸ் முதன் முதலாக வைத்தது அங்கேதான். லிங்கனின் மனைவி மேரி, வெள்ளை மாளிகைக்கு விருந்துத் தட்டுகள் வாங்கியதும் அந்தக் கடையில்தான். பாத்திரக் கடை என்றதும் நான் நின்றுவிட்டேன். பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் பார்க்கப் போன வீட்டில், லிஃப்ட் கதவு திறந்ததும் நேரே கூடம்! அந்த நாளில் துணி மூட்டை ஏற்றிய லிஃப்ட் அது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. நடுவே இரும்புத் தூண்கள். தெருப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்கள். வெளிச்சம் வெள்ளமாகப் பாய்கிறது. என் பெண் ஒன்றும் பேசாமல் ஜன்னலருகில் போய் நின்றாள். மனத்தைக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

என் கண் வேறு இடத்துக்குப் போயிற்று. வீட்டில் ஜன்னல் முன்னும் பின்னும்தான், நடுப்பகுதி இருட்டு. அங்கே தடுத்துக் கட்டிய அறைகளில் காற்றுக்கு வழியில்லை. சமையலறைக்குச் சுவரே கிடையாது. கடுகு தாளித்தால் படுக்கை வரையில் மணக்கும். அவ்வளவு உயரக் கூரையுள்ள வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக்க எவ்வளவு செலவாகும் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது கீழ் மாடியில் குடியிருக்கும் அம்மாளைச் சந்தித்தோம். எண்பது வயசு இருக்கும். விரல் நகங்களில் நீலச் சாயம். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வந்தாராம். "நாங்கள் வந்தபோது யாரும் சீந்தாத பேட்டை இது" என்று சிரித்தார்.

வாஸ்தவம்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அடிக்கடி தீப்பிடித்ததால், தீயணைப்புக்காரர்கள் அந்தப் பேட்டையை 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றே அழைத்தார்கள். ராபர்ட் மோஸஸ் என்ற அதிகாரி புரூம் தெருவை இடித்துப் பெரிய நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் வருஷக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். 1969-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் காலி மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறிவிட்டார்கள். குடியிருக்கச் சட்டத்தில் இடமில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் படுக்கையை ஒளித்து வைப்பார்களாம்! 1971-ல்தான், நகரசபையின் சான்று பெற்ற கலைஞர்கள் அங்கே தொழில் செய்துகொண்டே குடியிருக்கலாம் என்று விதி வந்தது. 1973-ல் அந்தப் பேட்டையையே சரித்திரச் சின்னமாக அறிவித்தார்கள். அப்புறம் கடைகள் வந்தன, செல்வர்கள் வந்தார்கள், விலை வானத்துக்கு ஏறியது.

அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களில் யார் கலைஞர்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கணக்குத் தணிக்கை செய்கிறவர். என் பெண் மருந்துக் கம்பெனி உத்தியோகஸ்தி. இருவரும் விழித்தார்கள். "கணக்கு எழுதுவதும் ஒரு கலைதானே?" என்று தரகர் நடுவில் புகுந்து சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். யாரும் வந்து கேட்பதில்லை. ஒரே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்."

அந்தக் கடிதத்தை இரவு சாப்பாடு முடிந்ததும் வாசித்தோம். 'இந்த வீடு சான்று பெற்ற கலைஞர் குடியிருப்பதற்கு உரியது என்று எனக்குத் தெரியும். இதனால் என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையதே' என்பது அதன் சாரம். இன்னொன்றும் தெரிந்தது. அந்த வீடு கூட்டுறவுக் கம்பெனி முறையில் இருப்பது. பணம் கொடுப்பவருக்குச் சுவரோ தரையோ சொந்தமாகாது. கம்பெனியின் பங்குகளும் குடியிருக்கும் குத்தகை உரிமையும்தான் கிடைக்கும். மாதா மாதம் பராமரிப்புப் பணம் வேறு கட்ட வேண்டும்.

"அத்தை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. நான் வாயைத் திறக்கவில்லை. வாழப் போகிறவர்கள் அவர்கள் அல்லவா?

என் பெண் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு இதை விற்க நேர்ந்தால், 'யாரும் கேட்பதில்லை' என்று நாமும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த ஜன்னல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

குவீன்ஸில் சாதாரணமாக ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். கூரை எட்டடி உயரம். சமையலறைக்குச் சுவர் உண்டு.

2021 டிசம்பரில் ஸோஹோவின் விதிகளை நகரசபை மாற்றியது. கலைஞர் அல்லாதவர்களும் முறைப்படி குடியிருக்க ஒரு வழி பிறந்தது. செய்தியைப் பார்த்ததும் பெண்ணுக்கு டெலிபோன் செய்து, "வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஜன்னலை நினைத்தால் வருத்தம்தான், அம்மா. ஆனால் இத்தனை வருஷமும் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் பயப்படாமல் கதவைத் திறந்தேனே!" என்றாள்.

சகோதரிகளே, நீங்களும் வீடு பார்க்கப் போவீர்கள். ஜன்னலைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "இங்கே குடியிருக்க அனுமதித்த பத்திரம் எங்கே?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதும் தரகர் சிரித்தால், நீங்கள் சிரிக்காதீர்கள்.