மடிப்பிச்சையும் விமானச் சீட்டும்

சித்தூர், திருப்பதி வட்டார மகாஜனங்களுக்கு, ஞாயிறுதோறும் இம்மலைகளில் நடந்து பழகிய சிலர் வணக்கத்துடன் செய்துகொள்ளும் விக்ஞாபனம்.

எரிமலையும் பனியாறும் ஒருங்கே விளங்கும் ஐஸ்லாந்து தேசத்தில் பத்து நாள் கால்நடையாகச் சஞ்சரித்து, அதன் வாயிலாக ஏழைக் குழந்தைகளின் இருதய சிகிச்சைக்கு நிதி திரட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு, நம் பக்கத்துத் தர்ம ஸ்தாபனம் ஒன்று சென்ற மாதம் முதல் ரசீதுப் புத்தகங்களுடன் கடைவீதிகளில் இறங்கியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். திருப்பதி காந்தி சாலையிலும் சித்தூர்க் கடைத்தெருவிலும் அந்த ரசீதைச் செருகி வைக்காத கல்லாப்பெட்டி இப்பொழுது அபூர்வம். ஸ்தாபனத்தின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ரசீது தங்களிடமே இருக்கிறது. அதைச் சற்று வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் முதற் பிரார்த்தனை.

மேலே ஒரு குழந்தையின் முகம்; அதற்குப் பின்னால் புகை கக்கும் மலை; நடுவில் தெலுங்கிலும் தமிழிலும் கொட்டை எழுத்துகளில், பிஞ்சு இதயங்களுக்காக நடக்கிறோம், கைகொடுங்கள் என்ற வாசகம். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போல, ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி. பயணச் செலவுகள் போக எஞ்சும் தொகை சிகிச்சை நிதியில் சேர்க்கப்படும் என்பது அதன் பொருள். ஆந்திர ராஜ்யம் பிரிந்த 1953-லும், திருத்தணி தெற்கே போய்ச் சேர்ந்த 1960-லும், எந்த ஊரில் எந்த மொழி என்று இந்த எல்லைப் பிரதேசத்தில் நாம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. எனினும், கேட்பதற்கு இரண்டு மொழி, கழிப்பதற்கு மூன்றாவது மொழி என்னும் யுக்தி அன்றைக்கு இரு கட்சியாருள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வரியை எங்களுள் ஒருவர் முதன்முதலில் கண்டது ஒரு பூக்காரம்மாளின் கூடையில். கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கு அருகே முழம் போட்டு விற்கும் அந்த அம்மாள், தாம் கொடுத்த ஐம்பது ரூபாய்க்கான ரசீதை நனைந்துவிடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரத்துணிக்கு அடியில் வைத்திருந்தார். கதம்பம் வாங்கப் போன எங்கள் நண்பரிடம் அதை நீட்டி, “சார், இதுல எந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு போட்டிருக்குதா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டார். நண்பர் மேலிருந்து கீழ் வரை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அந்தப் பொய் எங்களை உறுத்திய உறுத்தலே இவ்வேண்டுகோளாக விளைந்திருக்கிறது.

தர்மத்துக்காக மலைகளில் நடக்கும் இவ்வழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக உள்ளது. அங்கே அதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. நடப்பவர் தம் செலவு முழுவதையும் தம் கையிலிருந்தே போட்டு, பிறர் தரும் ஒவ்வொரு காசையும் தர்மத்துக்கே சேர்ப்பது ஒன்று. குறைந்தது இவ்வளவு என்று விதிக்கப்பட்ட தொகையை ஊராரிடம் வசூலித்து, விமானம், விடுதி, வழிகாட்டி, ஆகாரம் முதலிய சகல செலவுகளையும் அதிலிருந்தே முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தர்மத்துக்கு விடுவது மற்றொன்று. முதல் மார்க்கத்தில் செல்பவரை நாங்கள் கைகூப்பி வழியனுப்புவோம். இரண்டாவதில் செல்பவருக்குச் சென்னையிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதும், உலகத்திலேயே விலைவாசி மிகுந்த தேசங்களுள் ஒன்றுமான இடத்தில் பத்து நாள் உல்லாசம் கிடைக்கிறது. அதற்குக் கூலி கொடுப்பவர் பூக்காரம்மாள். யாத்திரை இல்லாவிட்டால் இந்தப் பணமே வந்திராது, ஆகையால் மிச்சம் எவ்வளவாயினும் லாபமே என்று அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பணம் வந்தது குழந்தையின் முகத்தைக் காட்டியதால். எரிமலையைக் காட்டியதால் காந்தி சாலையில் யாரும் கல்லாவைத் திறக்கவில்லை.

சட்டத்தின் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். வரிவிலக்குப் பெறும் தர்ம ஸ்தாபனம் தன் வருமானத்தில் 85 சதவிகிதத்தையாவது தர்ம காரியத்தில் செலவிட வேண்டும் என்பதும், அந்தக் காரியம் இந்தியாவுக்குள்ளேயே நடைபெற வேண்டும், வெளிதேசத்தில் செலவிடுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதும் 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் வகுத்த நிபந்தனைகள். விமானச் சீட்டை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுத உத்தேசம் என்று இருமுறை நேரில் போய்க் கேட்டோம். முதல் முறை காபி கொடுத்தார்கள். இரண்டாம் முறை, “நீங்களும் வாருங்களேன், இரண்டு இடம் காலியாக இருக்கிறது” என்றார்கள்.

நம் தேசத்திலும் யாசித்து யாத்திரை செய்யும் மரபு இல்லையா என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். உண்டு, அதை மறந்தவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது. புரட்டாசி பிறந்தால், மஞ்சள் உடுத்தி நாமம் தரித்து, செம்பைக் கையிலேந்திக் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வந்து நிற்கும் மடிப்பிச்சைக்காரரை நம் தாய்மார் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. காணி பூமியும் கல்வீடும் உள்ளவர்கூட, பிள்ளைக்கு ஜுரம் நீங்கினால் மடிப்பிச்சை எடுத்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, தம்மிடம் வேலை செய்பவன் வாசலிலேயே போய்த் துண்டை ஏந்துவார். கையிலிருக்கும் பணத்தை அப்படியே உண்டியலில் போட்டுவிட அவரால் முடியும். பிச்சை எடுப்பதன் நோக்கம் அகங்காரம் கழல்வதே. வாங்கிய காசு மஞ்சள் துணியில் முடியப்பட்டு, முடிச்சு அவிழாமல் மலையேறிச் சுவாமியின் உண்டியலில் விழும். ‘செலவு போக’ என்று அந்த முடிச்சில் யாரும் எழுதி வைத்ததில்லை.

பொதுக் காரியத்துக்காக நடந்தவர்களுள் தலைசிறந்தவர் இவ்விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1930 மார்ச் 12-ம் தேதி சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, 24 நாளில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்து தண்டியை அடைந்த மகாத்மா, வழியில் மார்ச் 29-ம் தேதி பட்காம் என்ற கிராமத்தில் தம் கூட்டத்தையே பகிரங்கமாகக் கண்டித்தார். சூரத்திலிருந்து மோட்டாரில் பால் தருவித்திருந்தார்கள், இரவில் கிட்சன் என்னும் கனத்த விளக்கை ஓர் ஏழைக் கூலியாளின் தலைமேல் சுமத்தி வந்திருந்தார்கள், குற்றம் அவ்வளவுதான். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறீர்களே என்று அதே மார்ச் 2-ம் தேதி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதிய தமக்கு, ஊரார் செலவில் இந்த ஆடம்பரம் செய்துகொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது என்பதே அவருடைய விசனம். ஒரு பால் பாத்திரத்துக்கும் ஒரு விளக்குக்கும் தலைகுனிந்த மனிதர் அவர். நம் ரசீதுக்காரர்கள் தங்கள் பிரசுரத்தில் அவருடைய படத்தையும் போட்டிருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தின்மேல் எங்களுக்கு விரோதம் ஏதுமில்லை. லாண்ட்மன்னலாகர் என்னும் வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து தோர்ஸ்மோர்க் வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர் செல்லும் லௌகவேகூர் பாதையில், மஞ்சளும் செம்மையும் பச்சையுமாகக் குன்றுகள் நிற்பதையும், எரிமலைக் கண்ணாடிக் கற்கள் வெயிலில் மின்னுவதையும் படங்களில் பார்த்து ஏங்கியவர்கள்தாம் நாங்களும். ஆனால் அந்தத் தேசத்தில் ஓக் என்னும் பனியாறு 2014-ல் பனியாறு என்ற அந்தஸ்தையே இழந்ததும், 2019 ஆகஸ்டில் இறந்தவர்க்குக் கல் நடுவதுபோல் அதற்கு ஒரு பட்டயம் பதித்து, காற்றில் அப்பொழுதிருந்த கரியமிலவாயுவின் அளவான 415 என்ற எண்ணை அதில் பொறித்ததும், விமானமேறி அதைப் பார்க்கப் போவோர் யோசிக்க வேண்டிய விஷயங்கள். அபாயமும் சாமானியமானதன்று. அதே பாதையில் 2004 ஜூன் மாதத்தில், அதாவது அவர்களுடைய கோடையில், பனிப்புயலில் சிக்கிய ஓர் இளைஞர் தங்கும் குடிசைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் குளிரால் மாண்டார். நம் பக்கத்தில், 2018 மார்ச் 11-ம் தேதி போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரைக் கொண்டுபோன துக்கம் இன்னும் ஆறவில்லை. இந்த யாத்திரைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையோ, யார் அதிகம் வசூலிக்கிறாரோ அவரே வரலாம் என்பது. நன்கொடை கறக்கத் தெரிந்த கை, பனிப்பாறையில் கோடரி பிடிக்கத் தெரிந்த கையாகிவிடுமா?

அக்கினியால் விளைந்த பாறையைப் பார்க்கத்தான் ஆசை என்றால், அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதை, கொஞ்சம் கர்வத்துடனேயே சொல்கிறோம். ஐஸ்லாந்தின் மிகப் பழைய பாறைக்கு வயது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுதான். திருமலைக்கு ஏறும் மலைச்சாலை ஓரத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்து வைத்திருக்கும் பாறைச் சரிவில், கீழே உருண்டு திரண்ட பழங்கருங்கல்லும், அதன்மேல் செங்கல் அடுக்கினாற்போல வரிவரியாகப் படிந்த நகரிப் படிவப்பாறையும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. அங்கே உள்ளங்கையை விரித்து வைத்தால், சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே 80 கோடி ஆண்டுகள் மறைந்து கிடக்கின்றன. கருங்கல்லைக் கிழித்துக்கொண்டு அக்கினிக் குழம்பாக மேலெழுந்து உறைந்த டோலரைட் என்னும் கறுப்புப் பாறை நரம்புகள் அந்தக் கோடு வரை வந்து, அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடுகின்றன. மலைமேல் சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவு இருக்கிறது. ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை போகும் மார்க்கத்தில், கோடூர் தாண்டினால், கடலடியில் எரிமலைச் சாம்பலோடு படிந்த மங்கம்பேட்டை பேரைட் சுரங்கம் இருக்கிறது. உலகத்தில் அவ்வளவு பெரிய படிவுகள் வெகு சில. பனியாறு நம்மிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறோம்.

நடக்கவும் இங்கே வழியுண்டு. அலிபிரியிலிருந்து 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டுவில் 2,388 படிகள். அலிபிரிப் படிகளில் ஏறி, முழங்கால் மலை என்னும் செங்குத்தான இடத்தில் மூச்சு வாங்கி உட்காரும் ஒரு பாட்டிக்கு ஒரு குவளை மோர் கொடுத்தால், அந்த நடையும் தர்ம நடையே. அதற்கு ரசீது வேண்டாம். (சேஷாசலக் காட்டுக்குள் புகுவதாயின் வனத்துறையின் அனுமதி அவசியம் என்பதை இளைஞர்களுக்கு இங்கேயே சொல்லி வைக்கிறோம்.) குழந்தைகளின் இருதய சிகிச்சைக்கோ, திருப்பதியிலேயே 2021 அக்டோபரில் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இருதய மையம் திறக்கப்பட்டிருக்கிறது, ஏழை நோயாளிகளின் பொருட்டுத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பிராணதான டிரஸ்டும் இருக்கிறது. காந்தி சாலையிலிருந்து ஆட்டோவில் போய் நேரே கொடுத்துவிட்டு வரக்கூடிய பணம், ஆர்க்டிக் வட்டத்தின் ஓரம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு ஏன் வர வேண்டும்?

ஆகையால் வர்த்தகப் பெருமக்களே, ரசீதுப் புத்தகம் மறுபடி தங்கள் கடைக்கு வரும்போது, சொந்தச் செலவில் போகிறீர்களா, ஊரார் செலவில் போகிறீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும் வரையில் கல்லாவைத் திறக்காதீர்கள். தங்களிலும் சிலர்மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. தொந்தரவு விட்டது என்று ஆயிரத்தை வீசிவிட்டு, பத்திரிகைப் படத்தில் தலை தெரிகிறதா என்று பார்த்தவர்கள், அந்த அடிவரியைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். நன்றாக ஆங்கிலம் அறிந்தவர்கள். அவர்கள் கொடுத்ததைக் கண்டுதான் பூக்காரம்மாளும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

யாத்திரை போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புரட்டாசி பிறப்பதற்குள் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, குழந்தைகளுக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு வெளியிடுங்கள். பயணச் செலவை உங்கள் பையிலிருந்து போடுங்கள். தவறினால், புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில், அந்த ஓர் ஆங்கில வரியை இரண்டு பாஷைகளிலும் கொட்டை எழுத்தில் பெயர்த்து அச்சிட்டு, ரசீது செருகிய ஒவ்வொரு கடை வாசலிலும் நாங்கள் நின்று விநியோகிப்போம். அச்சுக்கூலியை எங்களுக்குள் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று. அதற்காக யாரிடமும் வசூலுக்கு வரமாட்டோம்.

பூக்காரம்மாளிடம் எங்கள் நண்பர் மறுநாளே திரும்பிப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரியைப் படித்துக் காட்டிவிட்டார். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் ரசீதை அவரிடமே கொடுத்துவிட்டார். அது இப்பொழுது எங்களிடம் இருக்கிறது. ஐம்பது ரூபாயைத் திருப்பித் தர விரும்பும் ஸ்தாபனத்தார் எங்களைத் தேடி அலைய வேண்டாம். காலை ஆறு மணி முதல் அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.