கடிகாரமா, கைவிலங்கா?

‘‘கழற்றித்தான் ஆகணுமா டாக்டர்?’’

நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னபோது இப்படிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 63. இடது கையில் பளபளவென்று ஒரு பெரிய வாட்ச். கப்பலில் என்ஜினீயராக இருக்கும் மகன் வாங்கி வந்து கட்டிவிட்டது. கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்கென்று தயாரிக்கிற ‘டைவிங்’ வாட்ச். விலையை அவர் சொல்லவில்லை. கூட வந்த மனைவி சொன்னார். கேட்டதும் எனக்கே நாடி எகிறிவிட்டது!

‘‘ராத்திரி தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேங்கறார் டாக்டர். குளிக்கும்போதும் கையில்தான். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குமாம். நம்ம வீட்டு வாளி ஒன்றரை அடி!’’ என்றார் அந்த அம்மா.

அவருக்கு வந்த தொந்தரவு என்ன தெரியுமா? மூன்று மாதமாக இடது கட்டைவிரலின் முதுகுப் பக்கம் மரத்துப் போகிறது. சில நேரம் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது. யாரோ ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ என்று சொல்ல, எக்ஸ்ரே எடுத்து, இரண்டு மாதம் கழுத்துப் பட்டையும் போட்டாகிவிட்டது. 63 வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதுவேதான் இதற்கும் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஒருவழியாக வாட்சைக் கழற்றினார். செயின் பதிந்த தடம் அப்படியே சிவப்பாக இருந்தது. அடிப்பக்கம் தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் ஓரத்தில் விரலால் மெதுவாகத் தட்டினேன். ‘‘சுர்ருனு விரல் நுனி வரைக்கும் ஓடுது டாக்டர்!’’ என்றார்.

நாங்கள் நாடி பிடிப்பது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடு விரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது மரபு. நான் இரண்டு கையையும் பார்த்துவிடுவேன். அன்றைக்கு அது உதவியது! நாடி துடிக்கிற அந்த இடத்துக்குப் பக்கத்தில், எலும்பைச் சுற்றிப் புறங்கைப் பக்கமாக ஒரு மெல்லிய நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதன் மேல் சதை மூடாக்கு கிடையாது. இறுக்கமான வாட்ச் செயின் நேராக அதைத்தான் அழுத்தும். 1932-லேயே வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். இறுக்கமாகக் கைவிலங்கு போடப்பட்டவர்களுக்கும் இதே தொந்தரவு வருவது உண்டு.

இதை மற்ற நரம்புத் தொந்தரவுகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த நரம்பு உணர்ச்சிக்கு மட்டும்தான். கைப்பிடி பலம் குறையாது. மரமரப்பு புறங்கையில், கட்டைவிரலை ஒட்டி இருக்கும். உள்ளங்கைப் பக்கம் மூன்று நான்கு விரல்கள் மரத்து, ராத்திரியில் எழுப்பிவிட்டால் அது வேறு நரம்பு. இரண்டு கை, இரண்டு கால் என்று மரத்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால், நான் அந்த மாதிரி வாட்சுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொல்லத்தான் வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1953-ல் பிளாங்பா கம்பெனியின் ‘ஃபிஃப்டி ஃபாத்தம்ஸ்’ வந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர்கள் கேட்டபடி செய்தது. ரோலெக்ஸின் ‘சப்மரைனர்’ பிறந்ததும் அதே ஆண்டில்தான். அப்போது அது 100 மீட்டர் ஆழம் தாங்கியது. இன்றைக்கு 300 மீட்டர். டயலைச் சுற்றி நிமிஷக் கோடு போட்ட ஒரு வளையம் இருக்கிறதே, அது அழகுக்கு வைத்தது இல்லை. தண்ணீரில் இறங்கும்போது அதைத் திருப்பி நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிஷம் அடியில் இருந்தோம் என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு பக்கம்தான் சுற்றும். தெரியாமல் எதிலாவது இடித்துத் திரும்பினாலும், இருந்த நேரத்தைக் கூடக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு!

ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறவர் உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேரும். அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல ரத்தத்தில் குமிழ் கட்டும். மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம், மரணம் வரை போகலாம். நம் மன்னார் வளைகுடாவில் கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வளையம் யாருக்காக ஏற்பட்டதோ, அப்படிப்பட்ட வேலை செய்கிறவர்கள். அவர்கள் கையில் எத்தனை பேருக்கு இது இருக்கும்? ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் இருக்கிறது. (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

தரம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ‘டைவர்ஸ் வாட்ச்’ என்று சர்வதேசத் தர முத்திரை பெற வேண்டுமானால் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். அதுவும் சொன்ன ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதித்துக் காட்ட வேண்டும். கும்மிருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரிய வேண்டும். ஆனால் நேரம் காட்டுவது என்று வந்தால்? ரோலெக்ஸ் தன் வாட்ச் ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்கு மேல் பிசகாது என்கிறது. ஸ்பிரிங்கில் ஓடுகிற வாட்சுக்கு இது அபாரம். ஆனாலும் நம் பக்கத்துக் கடையில் வாங்குகிற சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்குப் பதினைந்து விநாடிதான் முன்னே பின்னே போகும். மணி பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அழகைப் பற்றி நான் என்ன சொல்வது! 1962-ல் ‘டாக்டர் நோ’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வந்த ஷான் கானரி கையில் சப்மரைனரைப் பார்த்த நாளிலிருந்து ஆண்பிள்ளைகளுக்கு அதில் ஒரு மயக்கம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. பழங்காலத்து வாட்ச் அழகு என்று தேடி வாங்குகிறவர்கள் கவனியுங்கள். 1950-களின் வாட்சுகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசுவது வழக்கம். 1920-களில் அமெரிக்காவில் அதை டயலில் தீட்டிய இளம் பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அரித்து மாண்டார்கள். அப்படிப்பட்ட வாட்ச் தாத்தா பெட்டியில் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இப்போது வருகிற பூச்சில் கதிர்வீச்சு கிடையாது.

இனி சௌகரியம். என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் மார்க். ஸ்டீல் செயினோடு இந்த ரக வாட்ச் ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். நாள் முழுக்க மணிக்கட்டில் அந்தக் கனம். வாங்குமுன் கடையில் கட்டிப் பாருங்கள். செயின் மாட்டுகிற இரண்டு முனைகளும் உங்கள் மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். கையை மடக்கினால் சாவித் திருகு புறங்கையைக் குத்தக் கூடாது. செயினுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். இதைக் காலையில் பார்த்தால் போதாது, சாயங்காலம் பாருங்கள். வெயிலில் நடந்தாலும் கை வீங்கும். சப்மரைனரில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொக்கிக்குள்ளேயே இரண்டிரண்டு மில்லிமீட்டராக 20 மில்லிமீட்டர் வரை செயினை நீட்டலாம். நீச்சல் உடையின் மேல் கட்டுவதற்காக வைத்தது. நம் ஊர் மே மாதத்துக்கும் அதுதான் வேண்டும்! நம் பெரியவர் வாட்சில் அந்த வசதி இல்லை. கடைக்காரர் இரண்டு கண்ணி அதிகமாகவே எடுத்துவிட்டிருந்தார்.

தோலுக்கு வருவோம். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதா உங்களுக்கு? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. நல்ல ஸ்டீலில் அது இறுகிக் கிடப்பதால் கசிவது மிகக் குறைவு. பிளாட்பாரத்து ‘டூப்ளிகேட்’ வாட்சின் மூலாம்தான் பொல்லாதது. அரிப்பு இருக்கிறவர்களுக்கு டைட்டானியம் நல்லது, கனமும் குறைவு. 1975-லேயே சீக்கோ கம்பெனி டைட்டானியத்தில் டைவிங் வாட்ச் செய்துவிட்டது. பெரியவருக்கு வந்த கரப்பானுக்குக் காரணம் நிக்கல்கூட இல்லை. கழற்றாமல் குளித்ததால் கண்ணி இடுக்கில் தங்கிய சோப்பும் வியர்வையும்தான்.

மருந்து? தோலுக்கு அருகன் தைலம் கொடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிடப் பெரிய மருந்து வாட்ச் கழன்றதுதான். ஒரு மாதம் கையில் ஏறக் கூடாது என்றேன். அப்புறம் கண்ணி சேர்த்துத் தளர்த்திக் கட்டலாம், குளியலுக்கும் தூக்கத்துக்கும் கழற்றியே ஆக வேண்டும், வாரம் ஒரு முறை செயினை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். அப்படியும் மரமரப்பு விடவில்லை என்றால் நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். என் தைலத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அவர் முகம் வாடிப் போயிற்று. ‘‘பையன் வீடியோவில் பேசறப்போ கையைத்தான் முதல்ல பார்ப்பான் டாக்டர். கட்டலைன்னா பிடிக்கலையோன்னு நினைப்பானே...’’

‘‘பேசற பத்து நிமிஷம் கட்டிக்குங்க சார். கட்டைவிரல் மரத்த விஷயத்தையும் அவர்கிட்டே சொல்லுங்க’’ என்றேன். மூன்று மாதமாக மகனிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை!

இரண்டு மாதம் கழித்து வந்தார். எரிச்சல் இல்லை, மரமரப்பு கொஞ்சம் மிச்சம். நான் கேட்காமலே வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொளதொளவென்று இருந்தது. வளையம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ‘‘காலையில நடக்கக் கிளம்பறப்போ திருப்பி வெச்சேன் டாக்டர். நாற்பது நிமிஷம். பையன்தான் போன்ல சொல்லிக் கொடுத்தான்’’ என்றார்.